ஒன்றையொன்று மறைத்த இரண்டு நோயறிதல்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் வரும் இளைஞரும் அவருடைய பெற்றோரும் பிறருக்குப் பயன்படட்டும் என்று இதை எழுத ஒப்புக்கொண்டார்கள். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கில் எதையும் மாற்றவில்லை. நான் மருத்துவ உளவியலாளர். மருந்து எழுதும் பொறுப்பு என்னுடன் சேர்ந்து பணியாற்றும் மனநல மருத்துவருடையது. இதில் இரண்டு பிழைகள் வருகின்றன. முதலாவது, ஒருவரோடு பிறந்து வளரும் ஆட்டிசத்தை மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று எண்ணியது; அது எங்களிடம் வருவதற்கு முன்பே நேர்ந்தது. இரண்டாவது என்னுடையது, முதல் பிழையைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியில் செய்தது.

பின்னணி

அவர் 2003-இல் தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். தந்தை ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நான்கு வயது இளைய தங்கை ஒருத்தி உண்டு. மூன்றரை வயதுவரை அவர் தனிச் சொற்களுக்கு மேல் பேசவில்லை. "ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்" என்று பாட்டி சொல்லிவிட்டதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேசத் தொடங்கியபோது முழு வாக்கியங்களாகவே பேசினார். அதுவும் சுட்டி டிவியில் கேட்ட டப்பிங் தமிழில். "அம்மா, எனக்குத் தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொண்டு வாருங்கள்" என்று ஐந்து வயதுப் பையன் சொல்வதைக் கேட்பதற்காகவே உறவினர்கள் அவரைப் பேசச் சொல்லி ரசித்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் அவருக்குத் "தமிழ் ஐயா" என்று பட்டப்பெயர் வந்தபோது அந்த ரசனை கேலியாகிவிட்டிருந்தது.

எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறுவேறாக உள்ள நமக்கு, பேச்சுத் தமிழை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மடியிலும் திண்ணையிலும், எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்தபடியே அது வந்து சேர்கிறது. மனிதர்களிடமிருந்து அல்லாமல் திரையிலிருந்து மொழியை எடுத்துக்கொள்ளும் குழந்தைக்கு அந்த வழி அடைபட்டிருக்கலாம். பத்தொன்பது வயதிலும் அவர் தங்கையை "நீங்கள்" என்றுதான் அழைத்தார். இதைக் குடும்பத்தார் ஒழுக்கம் என்றும் ஆசிரியர்கள் தமிழார்வம் என்றும் கருதினார்கள்.

மாலை நேரங்களில் கடையில் உட்கார்ந்து, எந்த அளவு போல்ட், நட், வாஷர் எத்தனை மீதமிருக்கிறது என்று ஒரு நீளவாக்கு நோட்டில் எழுதுவது அவருடைய வழக்கம். நாளைக்கு ஒரு பக்கம் நிறைய எழுதுவார். அந்த நோட்டு இந்த நிகழ்வில் மீண்டும் வரும்.

கோவிட் காலம் மற்ற மாணவர்களுக்குக் கடினமாக இருந்தது. இவருக்கோ அது வாழ்க்கையின் நிம்மதியான காலம். 2021-இல் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. வீடு, கடை, நோட்டு என்ற வட்டத்தை விட்டு அவர் வெளியேற வேண்டியிருக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் பொறியியல் கல்லூரி விடுதியில் நால்வர் தங்கும் அறைக்கு அவர் நேராகப் போய்ச் சேர்ந்தார்.

முதல் நோயறிதல்

2022 பிப்ரவரியில் விடுதியிலிருந்து தந்தையை அழைத்துப் பையனைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். அவர் குளிப்பதில்லை, இரவில் மாடிப்படியில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசுகிறார், தம் குரலை அறைத் தோழர்கள் பதிவுசெய்து பரப்புவதாகச் சொல்கிறார் என்பவை காரணங்கள். அருகிலிருந்த நகரில் ஒரு மனநல மருத்துவர் பார்த்தார். தனக்குத்தானே பேசுதல், ஒதுங்குதல், சுயபராமரிப்புக் குறைவு, பிறர் தமக்கு எதிராகச் செயல்படுவதான நம்பிக்கை ஆகிய நான்கும் பத்தொன்பது வயதில் ஒன்றாக வந்தால் மனச்சிதைவு என்று எண்ணுவது இயல்பே. "யாரும் இல்லாதப்ப குரல் ஏதும் கேக்குதா?" என்ற கேள்விக்கு அவர் "கேட்கும்" என்று பதில் சொன்னதும் சந்தேகம் தீர்ந்தது.

மனச்சிதைவுக்கான ரிஸ்பெரிடோன் மருந்து 2 மில்லிகிராமில் தொடங்கியது. சில வாரங்களில் அவர் ஓரிடத்தில் உட்கார முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். அது நோயின் படபடப்பாகக் கருதப்பட்டு மருந்து 4 மில்லிகிராமாக உயர்ந்தது. கை நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிபெனிடில் சேர்ந்தது. அந்த நடை ரிஸ்பெரிடோனே உண்டாக்கிய உடல் அமைதியின்மையாக இருக்கவும் மிகுந்த வாய்ப்பு உண்டு. நெரிசலான புறநோயாளர் பிரிவில் பத்து நிமிடத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய மருத்துவரின் இடத்தில் நான் இருந்தாலும் ஏறத்தாழ இதைத்தான் செய்திருப்பேன்.

கோடையில் குடும்பம் அவரைத் திருச்சிக்கு அருகே குணசீலம் கோவிலுக்கு அழைத்துச் சென்று ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்க வைத்தது. அங்கே அவர் தெளிந்தார். பூசை மணி, முகத்தில் தீர்த்தம் தெளிக்கும் நேரம், சாப்பாடு, உறக்கம் எல்லாம் நாள் தவறாமல் அதே வரிசையில் நடந்தன. ஊர் திரும்பிய இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குப் போய்விட்டார். பெருமாளின் அருள் என்று தாயார் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாளின் வரிசை மாறாதபோது தெளிந்தார் என்ற தகவலைத் தனியாகக் குறித்து வைத்தேன்.

எங்களிடம் வந்தபோது கண்டவை

2022 செப்டம்பரில் வந்தார்கள். அதற்குள் எடை 9 கிலோ கூடியிருந்தது. முதல் சந்திப்பில் அவர் நாற்காலியைச் சுவருக்கு இணையாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மின்விசிறியை நிறுத்த முடியுமா என்று கேட்டார். அதன் ஒரு இறக்கை மற்ற இரண்டைவிடத் தாழ்வாக இருப்பதாகச் சொன்னார். பிறகு ஏணி போட்டுப் பார்த்தபோது அது உண்மையாகவே இருந்தது.

பழைய கேள்வியை மீண்டும் கேட்டேன், "கேட்கும்" என்றார். "எப்போது, யாருடைய குரல்?" என்று தொடர்ந்தேன். "மாடி அறையில் நான் தனியாக இருக்கும்போது பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரின் குரல் கேட்கும். அறையில் யாரும் இருக்க மாட்டார்கள்." மனதில் நினைப்பது பிறருக்குத் தெரிந்துவிடுகிறதா என்று கேட்டதற்கு, "சில நேரங்களில் தெரியும். என் முகத்தைப் பார்த்தே அம்மா பசி என்று சொல்லிவிடுவார்கள்" என்றார். கேட்ட கேள்விக்குச் சொல்லுக்குச் சொல் உண்மையான பதில்தான் அது. கேள்விக்குப் பின்னால் நாம் வைத்திருந்த பொருள் அவரைச் சென்று சேரவே இல்லை.

தனக்குத்தானே பேசியதில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. பேருந்து நடத்துநர் கேட்பதையும் தாம் சொல்லப்போவதையும் அவரே பேசிப் பார்த்தார். அன்று விடுதியில் நடந்த உரையாடலைத் திருப்பிச் சொல்லி, தாம் எங்கே தவறாகப் பேசினோம் என்று தேடினார். யாரோ பேசுவதைக் கேட்டுப் பதில் சொல்பவரின் இடைவெளிகள் அதில் இல்லை.

குரலைப் பதிவுசெய்து பரப்புகிறார்கள் என்ற நம்பிக்கையைத் தீர்த்து வைத்தவர் அதே கல்லூரியில் படித்த உறவுக்காரப் பெண். அவருடைய கைபேசியில், இளைஞர் எழுத்துத் தமிழில் பேசியதைத் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்த ஒலித்துண்டுகளும் அவர் முகத்தை வைத்துச் செய்த வாட்ஸ்அப் ஸ்டிக்கர்களும் இருந்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் இருந்த குழுவில் அவை சுற்றிக்கொண்டிருந்தன. மனநோயின் அறிகுறியாகப் பதிவான வாக்கியம் வெறும் புகார் மட்டுமே; அதை யாரும் விசாரிக்கவில்லை. குளிக்காததற்குக் காரணம் விடுதியின் பொதுக் குளியலறையில் தாழ்ப்பாள் இல்லை என்பது.

காதணி விழா வீடியோ

ஆட்டிசத்தைப் பத்தொன்பது வயதில் உறுதிசெய்ய வேண்டுமானால் சிறுவயதுச் சான்று வேண்டும். குழந்தைப் பருவத்திலேயே தொடங்கியிருப்பதுதான் அதை மனச்சிதைவிலிருந்து பிரிக்கும் முதல் கோடு. ஆனால் மகன் நோயாளி என்று நம்பும் பெற்றோரின் நினைவு, எல்லாம் நன்றாக இருந்து திடீரெனக் கெட்டது என்றே கதை சொல்லும். "காலேஜுக்குப் போற வரைக்கும் ஒரு குறையும் இல்ல மேடம்" என்றுதான் தாயார் தொடங்கினார்.

தென்மாவட்டங்களில் காதணி விழாவைக் கல்யாணம்போல மண்டபம் பிடித்து, வீடியோ எடுத்து நடத்துவார்கள். 2006-இல் எடுத்த அந்தக் குறுந்தகட்டைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு மணி நேரப் படத்தில் மூன்று வயதுக் குழந்தை நாற்பது நிமிடம் தெரிகிறது. மாமா மடியில் உட்கார வைக்கும்போது உடலை வில்லாக வளைத்து இறங்குகிறது. மேளம் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடுகிறது. சீரியல் செட் விளக்கு ஓடுவதைக் கழுத்தைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தபடி நிற்கிறது. ஏழெட்டு முறை பெயர் சொல்லி அழைத்தும் திரும்பவில்லை. சுற்றியிருந்த குழந்தைகள் பலூனை ஒருவருக்கொருவர் தட்டி விளையாட, இவர் பலூனின் முடிச்சைத் திருகிக்கொண்டிருக்கிறார். பாதிப் படத்தில் தாயார் என் கையைப் பிடித்து, "இத நாங்க எத்தன தடவ பாத்திருக்கோம்" என்றார்.

அந்தப் படத்தோடு, பள்ளி மதிப்பெண் அட்டைகளில் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகள், பெற்றோருடன் விரிவான நேர்காணல், நேரடிக் கவனிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தோம். இந்தியாவில் ஆட்டிச மதிப்பீட்டுக்குப் பயன்படும் 40 கூறுகள் கொண்ட ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் அவருக்கு 94 வந்தது. 70 முதல் 106 வரை லேசானது என்று அது வகைப்படுத்துகிறது. லேசானது என்ற சொல் எனக்கு எப்போதும் உறுத்தும். பார்ப்பவருக்கு லேசாகத் தெரிவதையே அது அளக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆட்டிசம் இருந்தால் மனச்சிதைவு இல்லை என்று ஆகிவிடாது. ஆட்டிசம் என்ற சொல்லே 1911-இல் மனநல மருத்துவர் ப்ளூலர் மனச்சிதைவைப் பற்றி எழுதியபோது பயன்படுத்தியது. குழந்தை மனநல மருத்துவர் கேனர் 1943-இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகும் இரண்டும் பல ஆண்டுகள் ஒன்றோடொன்று குழம்பியே கிடந்தன. அமெரிக்க வகைப்பாட்டில் 1980-இல்தான் அவை தெளிவாகப் பிரிந்தன. அந்த வகைப்பாட்டின் 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு (டி.எஸ்.எம்.-5), ஆட்டிச வரலாறு உள்ளவருக்கு மனச்சிதைவையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் தெளிவான பொய்நம்பிக்கையோ மாயப்புலனோ (இல்லாததைக் கேட்பது, காண்பது) குறைந்தது ஒரு மாதமாவது இருந்திருக்க வேண்டும் என்கிறது. பேச்சின் விசித்திரமும் ஒதுங்குதலும் மட்டும் போதாது. எங்கள் இளைஞரிடம் அந்த இரண்டில் ஒன்றும் நிலைநிற்கவில்லை.

ஆயினும் மருந்தை உடனே நிறுத்தவில்லை. எங்கள் முடிவு தவறாக இருக்கக்கூடும் என்பது ஒரு காரணம். ஏழு மாதம் எடுத்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் வரும் தொல்லைகளையும் நோய் திரும்புவதையும் பிரித்தறிய முடியாது என்பது மற்றொன்று. மூன்று வாரத்துக்கு அரை மில்லிகிராம் வீதம் மனநல மருத்துவர் குறைத்துவந்தார். கல்லூரியை அந்த ஆண்டு விட்டுவிடுவது, நாள் அட்டவணையைச் சுவரில் ஒட்டுவது, வாரம் ஒரு முறை என்னிடம் வருவது ஆகியவையும் முடிவாயின. குடும்பத்துக்கு ஆட்டிசத்தை விளக்கினேன். தந்தைக்கு அது ஆறுதலாக இருந்தது. 'மெண்டல்' என்ற சொல் வீட்டிலிருந்து போனது. நானும் மனநிறைவோடு இருந்தேன்.

ஏழு வாரங்கள்

2023 ஜனவரி இறுதியில் ரிஸ்பெரிடோன் ஒன்றரை மில்லிகிராமுக்கு வந்திருந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் 1 ஆனது. குளிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டவர் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வதாகத் தாயார் சொன்னார். கதவருகே வந்து நின்றுவிடுகிறார், யாராவது முதுகைத் தொட்டால்தான் தாண்டுகிறார், சோற்றை உருட்டிய கை பாதியில் நின்றுவிடுகிறது என்றெல்லாம் சொன்னார். அறைக்குள் நுழைவதும் வெளியேறுவதும் ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கடினம் என்றும், இத்தனை காலம் பிறருக்காக நடித்த களைப்பு இப்போது வெளிப்படுகிறது என்றும் நான் விளக்கம் தந்தேன். அட்டவணையில் இடைவேளைகளை அதிகமாக்கினேன். தாயார் தலையாட்டினார். முன்பு எல்லாவற்றையும் மனநோய் என்று விளக்கினார்கள். இப்போது நான் எல்லாவற்றையும் ஆட்டிசம் என்று விளக்கினேன்.

நோட்டை ஒவ்வொரு வாரமும் எனக்குக் காட்டுவார். பின்னால் அதைத் திருப்பிப் பார்த்தேன். ஜனவரி முதல் வாரத்தில் பக்கம் நிறைந்திருக்கிறது. பிப்ரவரி தொடக்கத்தில் ஆறு வரி. அந்த மாத நடுவில் தேதியும் "3/8 நட்" என்ற ஒரு வரியும். அதற்குப் பிறகு தேதி மட்டும். மார்ச்சில் ஒரு பக்கத்தில் தேதியின் முதல் எண் மட்டும் எழுதி, பேனா அங்கேயே நின்று மை ஊறிப் பொட்டாகியிருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர் தமக்கு மிகப் பிடித்ததைக் கைவிடுவது மனச்சோர்வின் வலுவான அடையாளங்களில் ஒன்று. அழுகையையும் "மனசு சரியில்ல" என்ற சொல்லையும் எதிர்பார்த்துக் காத்திருந்தால் அது வராமலே போகலாம். கல்லூரியும் அறைத் தோழர்களின் கேலியும் தமக்கு என்ன செய்தன என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, ஸ்டிக்கர்கள் பொய்நம்பிக்கை அல்ல என்று நிறுவியதோடு அந்த விஷயத்தை முடித்துக்கொண்டேன்.

மார்ச் நடுவில் இரண்டு நாள் சாப்பிடாமலும் பேசாமலும் இருந்து, கையை உயர்த்தி வைத்தால் உயர்ந்தபடியே நின்றுவிடும் நிலையில் அழைத்து வந்தார்கள். மனநல மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் கேட்டடோனியா, அதாவது அசைவும் பேச்சும் உறைந்துபோகும் நிலை, என்றார். 2000-இல் லோர்னா விங்கும் அமிதா ஷாவும் வெளியிட்ட ஆய்வில், தங்களிடம் அனுப்பப்பட்ட ஆட்டிசம் உள்ளவர்களில் 15 வயதைக் கடந்தோரில் 17 சதவீதம் பேருக்கு இந்த நிலை இருந்தது. அவர்கள் சொன்ன அடையாளங்கள்: அசைவும் பேச்சும் மெதுவாவது, ஒரு செயலைத் தொடங்கவும் முடிக்கவும் முடியாமல் தவிப்பது, பிறர் தூண்டினால் மட்டுமே நகர்வது, செயலூக்கம் இழப்பது. பிப்ரவரி முதல் தாயார் என்னிடம் சொன்னவை இவையே. அந்த ஆய்வை நான் முன்பே படித்திருந்தேன்.

சிகிச்சையும் அதன்பின் நடந்தவையும்

அன்றே உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். மீதமிருந்த ரிஸ்பெரிடோனை நிறுத்தினார்கள். கேட்டடோனியா உள்ளவருக்கு இந்த வகை மருந்து, காய்ச்சலும் தசை இறுக்கமும் கூடி உயிருக்கே ஆபத்தாகும் நிலையைத் தூண்டக்கூடும். இரத்தப் பரிசோதனைகள் செய்து, நீர்ச்சத்து ஏற்றி, கேட்டடோனியாவை அளக்கும் புஷ்-பிரான்சிஸ் அளவுகோலில் மதிப்பிட்டார்கள்: 19. லோரசெபாம் என்ற அமைதியூட்டும் மருந்தை 2 மில்லிகிராம் ஊசியாகப் போட்டார்கள். அரை மணி நேரத்தில் மதிப்பெண் 8-க்கு இறங்கியது. அவர் தலையைத் திருப்பித் தாயாரைப் பார்த்து, "தண்ணீர் கொடுங்கள்" என்றார்.

லோரசெபாம் பலனளிக்காவிட்டால் அடுத்தது மின்னதிர்வுச் சிகிச்சை என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். 'ஷாக்' என்ற சொல்லைக் கேட்டதும் தந்தை எழுந்து நின்றுவிட்டார். மயக்க மருந்தும் தசை தளர்த்தியும் இல்லாமல் அதைக் கொடுப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது என்பதையும், சினிமாவில் காட்டுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதையும் விளக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. கடைசியில் அது தேவைப்படவில்லை. லோரசெபாம் நாளுக்கு 6 மில்லிகிராம்வரை போய், ஐந்து மாதத்தில் படிப்படியாகக் குறைந்தது. மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் சேர்க்கப்பட்டது. பேச்சு திரும்பிய பிறகு, விடுதி மாடிப்படியில் உட்கார்ந்திருந்த இரவுகளில் குதித்துவிடலாமா என்று எண்ணியதாகச் சொன்னார். "ஏன் முன்னாலேயே சொல்லல?" என்று தாயார் அழுதார். "யாரும் கேட்கவில்லை" என்றார். அது குற்றச்சாட்டு அல்ல, தகவல்.

மனச்சிதைவு மருந்து இல்லாமல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. பொய்நம்பிக்கையோ மாயக்குரலோ தலைகாட்டவில்லை. 2024 கோடையில், தங்கை விடுதிக்குப் போனபோது மட்டும் பத்து நாள் மந்தநிலை திரும்பியது. தாயார் மூன்றாம் நாளே அழைத்துவிட்டார். பொறியியலுக்கு அவர் திரும்பவில்லை. கடையின் இருப்புக் கணக்கை இப்போது கணினியில் அவர்தான் பார்க்கிறார். நோட்டும் தொடர்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றிருந்தும், அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கக் குடும்பம் இன்னும் தயங்குகிறது. தங்கையின் கல்யாணம் அவர்களுக்குக் கவலை. இதில் நான் அவசரப்படுத்தவில்லை, சரியா என்று தெரியாது.

மாற்றிக்கொண்டவை

மாயக்குரல் பற்றிய கேள்வியை இப்போது ஒற்றைக் கேள்வியாகக் கேட்பதில்லை. ஆம் என்றால் இடம், நேரம், யார் குரல், அடுத்த அறையில் யார் இருந்தார் என்று நான்கும் கேட்டு, பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுகிறோம். பழைய விழா வீடியோ இருந்தால் முதல் வாரத்திலேயே வாங்கிப் பார்க்கிறோம். கேலியோ கொடுமையோ உண்மை என்று தெரிந்தால், அதனால் ஏற்பட்ட காயத்தையும் தற்கொலை எண்ணத்தையும் நேரடியாக, எளிய வாக்கியத்தில் கேட்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டிசம் என்று முடிவான நாளிலேயே ஒரு பக்க அடிப்படைப் பதிவு எழுதுகிறோம்: குளிக்க எவ்வளவு நேரம், சாப்பிட எவ்வளவு நேரம், நாளுக்கு எத்தனை வாக்கியம் தாமாகப் பேசுகிறார், பிடித்த செயலில் எவ்வளவு நேரம் செலவிடுகிறார், எத்தனை முறை தூண்ட வேண்டியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே பக்கத்தை மீண்டும் நிரப்புகிறோம். ஆட்டிசம் ஒருவரோடு பிறந்து வளர்வது. இரண்டு மாதத்துக்குள் ஒருவரைப் பாதி வேகத்துக்கு இறக்கும் மாற்றத்துக்கு வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

அந்தப் படிவத்தின் முதல் வரைவை இளைஞரிடம் காட்டினேன். குளியல் என்ற வரிக்கு எதிரே "வழக்கம்போல் / அதிகம் / குறைவு" என்று அச்சிட்டிருந்தேன். அவர் பேனாவை வாங்கி மூன்றையும் அடித்துவிட்டு, "நிமிடம்" என்று எழுதிக் கொடுத்தார்.